கடன் வாங்காத ரத்தம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் பக்கம் முழுக்கத் துறைமுகம். ஜப்பான் கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, இரும்புத் தாது ஏற்றப் படகுகள் போதவில்லை, தாதுத் தூசி எத்தனை தோய்த்தாலும் சட்டையை விட்டுப் போகவில்லை. இரண்டாம் பக்கம் மழை. மழைக்குக் கீழே அப்பாவின் மூட்டுவலி பற்றி விசாரிப்பு. அதற்கும் கீழே, தாள் முடிகிற இடத்தில், எழுத்தைச் சுருக்கி ஒரு வரி: "சரோஜா அவள் ஊரிலேயே இருக்கட்டும் அம்மா, உடம்பில் ரத்தம் ஊறட்டும், பிறகு போய் அழைத்து வருகிறேன்." அப்பா படித்துவிட்டு, "அக்கறையாத்தானே எழுதியிருக்கான்" என்றார். அவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; வாக்கியம் ஒழுங்காக இருந்தால் அதில் குற்றம் இருக்காது என்று நம்புகிறவர். நான் பரீட்சைத் தாள் திருத்துகிறவள். பதில் தெரியாத பிள்ளைகள் எவ்வளவு அக்கறையாக எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வரிக்குள் ஒரு நம்பிக்கை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சரோஜாவிடம் ரத்தம் குறைவாக இருந்தது, வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அவளால் கொடுக்க முடியவில்லை, அதனால் நாலாம் மாதத்தில் அது தங்காமல் போய்விட்டது என்கிற நம்பிக்கை. நீ இதை வாயால் சொல்லவில்லை. உன் பெரியம்மா சொன்னபோது மறுக்கவில்லை, அவ்வளவுதான். நான் உன் அம்மா என்பதைக் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் வை. சிதம்பரத்தில் கல்லூரிப் பெண்களுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளாகச் சொல்கிறேன்: அந்த நம்பிக்கை தப்பு. எந்தத் தாயும் தன் வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் கொடுப்பதில்லை. நான் உனக்குக் கொடுக்கவில்லை. உன் உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்று உன் கல்யாணத்தில் நான்கைந்து பேர் மேடையேறி மைக்கில் பேசினார்கள். நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு பேசியது என்பதால் நான் திருத்தவில்லை.

கடலூரில் உன் வீட்டுக் கூடத்தில் அன்று நடந்ததை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் நினைவு வைத்திருப்பதைச் சொல்கிறேன். சரோஜா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த சமயம். நானும் அப்பாவும் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தோம். உன் பெரியம்மா சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் ஒரு தூக்கு. உள்ளே ஆட்டு ஈரலும் சுவரொட்டியும். ஆட்டின் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயர் வைத்து, ரத்தம் குறைந்த பெண்களுக்கெல்லாம் அதை வறுத்துக் கொடுப்பது நம் பக்கத்து வைத்தியம். தூக்கைக் கீழே வைத்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"கல்யாணத்தப்பவே நான் சொன்னேன். பொண்ணு வெளுத்துப் போயி இருக்குதுன்னு. நீங்க எல்லாரும் நல்ல செவப்புன்னீங்க. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க இல்ல, ரத்தம் கம்மின்னு? அவளுக்கே இல்ல. புள்ளைக்கு எங்கேருந்து குடுப்பா?"

"அக்கா, தாயோட ரத்தம் புள்ளைக்குப் போகாது. அது தனக்கு வேண்டியத அதுவே உண்டு பண்ணிக்கும்" என்றேன்.

"உண்டு பண்ணிக்குமா? எறும்பாட்டம் இருக்கறது! அதுக்கு எந்தக் கை, எந்தக் கால், ரத்தம் காய்ச்சறதுக்கு?"

"மொதல்ல ஒரு பையில உண்டாகும்க்கா. அதோட உடம்புக்கு வெளில."

"வெளிலயா! கேட்டுக்கங்க எல்லாரும். புள்ள உள்ள இருக்குமாம், ரத்தம் வெளில இருக்குமாம். வெளிலன்னா எங்க, வாசல்லயா? இதுக்குத்தான் மெட்ராஸ் வரைக்கும் போயி ஜாஸ்தி படிச்சியா நீ?"

அப்பாவின் முகத்துக்கு முன்னால் இருந்த பேப்பர் குலுங்கியது. நீயும் சிரித்தாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் மேசைமேல் கிடந்த பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, கருவையும் பையையும் படம் வரைந்து விளக்க ஆரம்பித்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "இது என்னா, காம்போட கத்திரிக்காயா?" என்றாள். மறுபடி சிரிப்பு. இத்தனைக்கும் நடுவில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கூடத்தில் ஒரு கருத்தரங்கம் நடந்துகொண்டிருந்தது. முடிந்ததும் சரோஜா அடுப்படி வாசலில் வந்து நின்று, "சாப்பாடு எடுத்து வைக்கட்டுங்களா, அத்தை?" என்று கேட்டாள். எல்லோருக்கும் பரிமாறினாள். அவள் இலையில் பெரியம்மா சுவரொட்டியைப் போட்டாள். மறுக்காமல் தின்றுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். அடுத்த வாரம் அவளுடைய அப்பா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனார். நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்ததாகச் சொன்னாய்.

டாக்டரம்மா சொன்னது உண்மைதான், ரத்தம் குறைவு. ஆனால் அவர் எப்போது அதைச் சோதித்துப் பார்த்தார்? எல்லாம் ஆன பிறகு. அவ்வளவு ரத்தம் போன ஒரு பெண்ணின் விரலைக் குத்திப் பார்த்தால் வேறு என்ன தெரியும்? குடம் உடைந்த பிறகு மிச்சத் தண்ணீரை அளந்து பார்த்து, தண்ணீர் குறைவாக இருந்ததால்தான் குடம் உடைந்தது என்று நம் குடும்பம் தீர்ப்பு எழுதிவிட்டது. கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தும் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இனி நான் அன்று காலண்டர் தாளில் வரைய முயன்றதை உனக்கு நிதானமாகச் சொல்கிறேன். இதில் கொஞ்சம் ஆட்டுக்கறிக் கடை வரும், பொறுத்துக்கொள். சின்ன வயதில் என் புடவையில் பார்மலின் வாடை அடிக்கிறது என்று நீ மடியில் உட்கார மறுத்திருக்கிறாய். அந்த வாடைக்குக் காரணம் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் காதர் பாய். என் மாணவிகளுக்குப் பாலூட்டியின் கரு எப்படி இருக்கும் என்று காட்ட வேறு வழியில்லை. அவரிடம் முதல்முறை போய்க் கேட்டபோது அவர் முகம் சுருங்கியது. "சினைன்னு தெரிஞ்சா கத்தியத் தொட மாட்டோம்மா. அது பாவம். தெரியாம எப்பவாச்சும் வந்துரும். அன்னிக்கிப் பூரா எனக்குச் சோறு எறங்காது. உங்க பொண்ணுங்களாச்சும் பாத்துப் படிக்கட்டும், வச்சிருந்து தரேன்" என்றார். அப்படி வருகிற நாட்களில் ஆள் அனுப்புவார். நான் ஒரு டிபன் கேரியரோடு போய் வாங்கிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் கல்லூரிக்குப் போவேன். ஒருநாள் கூட ஏறிக்கொண்ட தமிழ் டீச்சர், "இன்னிக்கு என்ன குழம்பு?" என்றார். ஆடு என்றேன். சுத்த சைவம், அன்றிலிருந்து அவர் வேறு ரிக்‌ஷா.

கருவைப் பாட்டிலில் போடுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. நான் படித்த இடத்தில் எனக்குக் கற்றுத் தந்த முறை, நான் என் மாணவிகளுக்குக் கற்றுத் தந்தேன். கருவைச் சுற்றிச் சவ்வுகள் இருக்கும், வயிற்றுப் பக்கம் சின்னதாக ஒரு பை தொங்கும். அதையெல்லாம் கத்தரியால் நறுக்கி ஒரு பீங்கான் தட்டில் தள்ளிவிட்டு, கருவை மட்டும் கண்ணாடி மாதிரி சுத்தமாக எடுத்து பார்மலினில் நிறுத்த வேண்டும். பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ரொம்ப சுத்தம்" என்பார். அதற்கு மார்க் உண்டு. தட்டில் கிடப்பதை ஆயா கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். ஒரு பருவத்தில் மழையில் கத்தரியெல்லாம் துருப்பிடித்து, புதிது வர வேண்டும் என்று எழுதிப் போட்டுக் காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து காதர் பாயிடமிருந்து ஆள் வந்தது. மிகவும் இளம் கரு. நறுக்க வழியில்லாமல் பையோடு சேர்த்தே ஒரு கிண்ணத்தில் போட்டு உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். கருவின் உடம்பு நிறமே இல்லாமல் பனிநீர் போல இருந்தது. சிவப்பு எங்கே இருந்தது தெரியுமா? பையில். நாங்கள் வருஷக்கணக்காக நறுக்கிக் கொட்டிக்கொண்டிருந்த பையில், குங்குமம் தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக.

புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். கோழிக்கு இப்படி, பாலூட்டிக்கும் ஏறத்தாழ இப்படியே என்று ஒரு வரியில் நானே பாடம் நடத்திக் கடந்து போயிருக்கிறேன். கண்ணால் பார்த்தபோதுதான் அந்த வரி எவ்வளவு பெரியது என்று உறைத்தது. கோழிக்குஞ்சுக்கு அந்தப் பையில் மஞ்சள் கரு இருக்கும்; அதைத் தின்றுதான் முட்டைக்குள் வளர்கிறது. ஆட்டுக்குட்டிக்கும் மனிதக் குழந்தைக்கும் அம்மா இருக்கிறாள், மஞ்சள் கரு தேவையில்லை. ஆனாலும் பை மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லாமல். வேலை எல்லாம் வேறு இலாகாவுக்குப் போய்விட்ட பிறகும் பெயர்ப்பலகையைக் கழற்றாத தாலுகா ஆபீஸ் ஒன்றைப் போல. அப்படித்தான் நானும் நினைத்தேன். பார்த்தால், உடம்பு முழுவதற்குமான முதல் ரத்தம் அந்தக் காலி ஆபீஸின் சுவரில்தான் உருவாகிறது. சுவரில் உள்ள செல்கள் அங்கங்கே கூட்டம் சேர்கின்றன. கூட்டத்தின் ஓரத்தில் இருப்பவை ரத்தக் குழாயின் சுவராகத் தட்டையாகின்றன. நடுவில் மாட்டிக்கொண்டவை ரத்தச் செல்களாக உருண்டுகொள்கின்றன. ரத்தத் தீவுகள் என்று இவற்றுக்குப் பெயர். பிச்சாவரத்து உப்பங்கழியில் காடு திட்டுத் திட்டாக இருப்பதைப் பார்த்திருக்கிறாய். அந்தத் திட்டுகளே ஒன்றோடொன்று கைகோத்து ஓடைகளாக மாறுவதாக நினைத்துக்கொள். இதெல்லாம் நடக்கும்போது கருவுக்கு முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. இதயம் இன்னும் துடிக்க ஆரம்பிக்கவில்லை. தன்னைத் தள்ளிவிட ஓர் இதயம் வரும் என்று ரத்தம் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது.

இந்த முதல் ரத்தம் தற்காலிக ஊழியர்களைக் கொண்டது. பெரிய பெரிய சிவப்புச் செல்கள்; அவசரத்துக்கு வந்து, வேலையைப் பார்த்துவிட்டு, பெயர் கூடப் பதியாமல் போய்விடும். பிறகு ஈரல் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அதற்கும் பிறகு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. பிறந்து, வளர்ந்து, கடலூரில் படகுகளை எண்ணிக்கொண்டிருக்கும் உனக்கு இப்போதும் மஜ்ஜைதான் ரத்தம் போடுகிறது. அது வற்றாமல் போட்டுக்கொண்டே இருப்பதற்கு, மஜ்ஜைக்குள் ஒரு வகைச் செல் ஒளிந்திருக்கிறது என்கிறார்கள். சிவப்புச் செல், வெள்ளைச் செல் எல்லாவற்றையும் அது பெற்றுப் போடும்; அதே சமயம் தன்னைப் போலவே ஒன்றையும் மிச்சம் வைக்கும். தமிழில் இதற்கு இன்னும் யாரும் பெயர் முடிவு செய்யவில்லை. நான் வகுப்பில் விதைச் செல் என்பேன். எங்கள் வீட்டில் எந்தப் பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டார்கள். வெளிநாட்டில் ஓர் எலியின் மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்துவிட்டு, வேறோர் எலியின் மஜ்ஜையை ஊசியால் ஏற்றியிருக்கிறார்கள். எலி பிழைத்தது. அதன் மண்ணீரலில் குட்டிக் குட்டிக் கட்டிகள் தோன்றின. ஒவ்வொரு கட்டியும் ஒரே ஒரு செல்லிலிருந்து முளைத்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மண்ணீரல் என்றால் சுவரொட்டி. உன் பெரியம்மாவிடம் சொன்னால் ஆச்சரியப்படமாட்டாள். இதைக் கண்டுபிடிக்க எலி எதற்கு என்று கேட்பாள்.

சரி, ஆயுசு முழுவதும் கூட வரும் இந்த விதைச் செல் கருவில் முதன்முதலில் எங்கே தோன்றுகிறது? இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. விடை தெரியாததால் பிடித்த கேள்வி. பையில் தோன்றி, ஓட்டத்தோடு வந்து ஈரலில் குடியேறி, அங்கிருந்து எலும்புக்குப் போகிறது என்று ஒரு கட்சி. இல்லை, கருவின் உடம்புக்குள்ளேயே தனியாகத் தோன்றுகிறது என்று இன்னொரு கட்சி. என்னிடம் ஓர் ஆட்டுக் கருவின் மெல்லிய சீவல் ஒன்று கண்ணாடித் துண்டில் இருக்கிறது. முதுகோடு ஓடும் பெரிய ரத்தக் குழாயின் அடித்தளத்தில், உள்பக்கமாக, உருண்டை உருண்டையாகச் சில செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "கத்தி இழுத்த அழுக்கு. துடைச்சிட்டு வேற போடுங்க" என்றார். நான் துடைக்கவில்லை. பழைய பத்திரிகைகளைத் தேடிப் பார்த்தால், பன்றிக் கருவிலும் வேறு சிலவற்றிலும் இதே கொத்துகளைப் பலர் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், அந்தக் குழாயின் சுவரில் உள்ள செல்லே உருண்டு, கழன்று, ஓட்டத்தில் இறங்குகிறது. வெள்ளாற்றின் கரையே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராக மாறி ஆற்றில் இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி. இதை நான் நிரூபிக்க முடியாது. நிலாவில் ஆள் இறங்கி நடந்துவிட்டான், கல்லையும் மண்ணையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் அவனுடைய ரத்தத்தின் விதை அவன் அம்மா வயிற்றில் எந்த இடத்தில் முளைத்தது என்று கேட்டால் இன்றைக்கு யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் இரண்டு கட்சிக்கும் சம்மதம்: அது தாயிடமிருந்து வருவதில்லை. குழந்தையே தனக்கு உண்டாக்கிக்கொள்கிறது.

அப்படியானால் தாய் என்ன கொடுக்கிறாள் என்று நீ கேட்பாய். காற்றுக் கொடுக்கிறாள், சர்க்கரை கொடுக்கிறாள், இரும்பு கொடுக்கிறாள். நஞ்சுக்கொடியில் இரண்டு ரத்தமும் ஒரு மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகின்றன; எங்காவது ஒரு துளி கசியலாம், மற்றபடி கலப்பதில்லை. நீ தினமும் செய்கிற வேலைதான். நீங்கள் படகில் தாது ஏற்றி அனுப்புகிறீர்கள். கப்பலை ஜப்பான்காரன் கட்டுகிறான். அந்தக் கப்பல் நடுக்கடலில் மூழ்கினால் கடலூர்ப் படகுக்காரன் வீட்டுக்கு வந்து அவன் பெண்டாட்டியைத் திட்டுவார்களா? தாய்க்கு இரும்பு மிகவும் குறைந்தால் பிள்ளைக்கும் சிரமம்தான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் பிள்ளை தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டுவிடும். குறைவு பெரும்பாலும் தாயின் மேல்தான் விழும். வெளுத்துப்போனவள், கொடுக்காததால் வெளுக்கவில்லை.

பின்னே ஏன் போயிற்று? தெரியாது, தம்பி. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. காரணம் தெரியாமல் போகிறவையே அதிகம். 'தெரியாது' என்று சொல்வதற்கு நம் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. அதற்குப் பதில் சமையலறையில் இருக்கிற ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிடுவது நம் வழக்கம். பெரியம்மாவை இதற்காக வெறுக்காதே. அவளுக்கும், அவள் பெற்ற உன் அண்ணன்களுக்கு முன்னால், ஒன்று இப்படிப் போயிற்று. அப்போது அவள் மாமியார் வீட்டில் என்ன சொன்னார்களோ, அதைத்தான் அவள் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து சரோஜாவிடம் ஒப்படைத்தாள். அவள் கொண்டுவந்த தூக்கில் அன்பும் இருந்தது. அன்பும் தப்பும் ஒரே தூக்கில் வரும்போது, அவசரத்தில் நாம் மூடியைக் கழற்றி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சேத்தியாத்தோப்பில் பஸ் மாறும்போது அக்கா வீட்டுத் தெரு கண்ணில் பட்டது, எட்டிப் பார்க்கவில்லை. சரோஜாவின் அம்மா காபி கொடுத்துவிட்டு, பேசட்டும் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். சரோஜா கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் உன் அப்பாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசினோம். நம் வீட்டில் எல்லோருக்கும் அந்த மூட்டு ஓர் உபகாரம். பிறகு அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, அன்னிக்கிப் பெரியம்மாகிட்ட ஒரு பையப் பத்திச் சொன்னீங்களே. அது நெஜமா? இல்ல எனக்காவ சொன்னீங்களா?"

"உனக்காவ பொய் சொல்றதா இருந்தா இதவிட நம்பறாப்புல சொல்லியிருப்பேன்" என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் உன் வீட்டில் பார்த்து ரொம்ப நாளாயிற்று. "அப்ப, நம்மளுதுக்கும் அது மாதிரி அதுவேதான் பண்ணிக்கிச்சா?"

"அதுவேதான். நாலாம் மாசம்னா பையோட வேலையெல்லாம் முடிஞ்சிருக்கும். ஈரல்ல ரத்தம் உண்டாயிக்கிட்டு இருந்திருக்கும். எலும்புக்குள்ளகூட ஆரம்பிச்சிருக்கும்."

"எலும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

கீரை உருவுவதை நிறுத்திவிட்டாள். "எல்லாரும் என் ரத்தத்தப் பத்தியே பேசறாங்க, அத்தை. அங்கயும் அதான், இங்கயும் அதான். எங்க அப்பா டானிக் டானிக்கா வாங்கியாராரு. அதப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க. அப்பிடி ஒண்ணு இல்லவே இல்லன்ற மாதிரி. அதுக்குன்னு சொந்தமா ரத்தம் இருந்துச்சின்னா, அது நம்ம வூட்டுக்கு வந்துட்டுத்தான் போயிருக்குது. இல்லீங்களா?"

நான் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். கருவில் ரத்தம் தோன்றுவதைப் பற்றி எத்தனையோ பதில்களைத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தை இப்படிப் புரிந்துகொண்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வந்துவிட்டுத்தான் போயிருக்கிறது. யாரிடமும் கடன் வாங்காமல், தன் சொந்த ரத்தத்தோடு.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். வழியில், "அவரு ஏதாச்சும் கேட்டாரா, அத்தை?" என்றாள். மழை பெய்கிறது என்று எழுதியிருக்கிறான், கப்பல் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறான் என்று சொல்லவா? "அவனுக்குக் கேக்கத் தெரியலம்மா" என்றேன். தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டாளா, மன்னித்தாளா, இல்லை அதற்குமேல் என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாளா, என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று படிக்க முடிந்தது. இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் நீ ரத்தம் ஊறுவதற்காகக் காத்திருந்தால், ரத்தம் நன்றாக ஊறிவிடும். உன்னிடம் திரும்பி வருவதற்கு அவளிடம் காரணம்தான் வற்றிப்போயிருக்கும். அப்போது நீ போய் எவ்வளவு அக்கறையாகப் பேசினாலும் அவள் ஜன்னலோர சீட்டில் இருப்பவளைப் போல வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்ததும் கப்பலை ஜப்பான்காரனிடமே விட்டுவிட்டு லீவு போடு. ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போ. ஈரல், சுவரொட்டி, டானிக் எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே. நான் மேலே எழுதிய பை, தீவு, விதைச் செல் எதையும் அவளிடம் போய் விளக்காதே. அந்த வேலையை நான் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன், போதும். மன்னிப்பு கூட முதலில் வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. அதை எல்லோரும் கேட்டாகிவிட்டது.

கொல்லையில் அவள் எனக்கு இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்த கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம், நீ வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு உள்ளே என்ன தெரிந்தது என்று. அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது எனக்குச் சொல்ல வேண்டியதல்ல; கேட்க வேண்டியவன் கேட்காததால் வழி தவறி என்னிடம் வந்தது. நீ போய் அவள் எதிரில் உட்கார்ந்து, அது எப்படி இருந்தது என்று கேள். பிறகு பேசாமல் இரு. உன் பிள்ளையைத் தெரிந்த ஒரே ஓர் ஆள்தான் இந்த உலகத்தில் இருக்கிறாள்.

அம்மா